மறுகரைக் கோயிலுக்குக் கொடுத்த பிள்ளை

அன் மாக் ஊரில் ஆண்கள் கல்லில் வேலை செய்வார்கள், பெண்கள் படகு ஓட்டுவார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம், சுண்ணாம்புக் குன்றின் வயிற்றுக்குள், பழைய புத்தர் கோயில். ஹனோயிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் காலையில் பட்டறைகளைச் சுற்றிப் பார்த்து, கல் சிங்கங்களின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, படகேறிப் போய்க் கும்பிட்டு வருவார்கள். மத்தியானம் ஆட்டுக்கறியும் மொறுமொறுப்பான காந்தல் சோறும் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கல்யாணமாகி வந்த மறு வருஷமே நியென் துடுப்பைப் பிடித்தாள். கை அலுத்தால் பின்னால் சாய்ந்துகொண்டு காலாலேயே துடுப்பு வலிப்பாள். அதைப் படம் பிடிக்காமல் எந்தக் கூட்டமும் போனதில்லை.

அவள் புருஷன் கியெம், தூணில் டிராகனைச் சுற்றிவிடுவதில் கெட்டிக்காரன். அவனுடைய அப்பா காலத்தில் உளியும் சுத்தியலும்தான். கியெம் தலையெடுத்தபோது கட்டிங் மெஷின் வந்துவிட்டது. மெஷின் கல்லை மாவாக அரைத்துக் காற்றில் விட்டது. ஊரில் வாழையிலைகூட வெள்ளையாகத்தான் இருக்கும். நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் கியெமுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கடைசி வருஷம் முழுக்க அவனால் படுக்க முடியவில்லை. நெல் மூட்டையில் சாய்ந்து, உட்கார்ந்த வாக்கில்தான் தூங்கினான். நுரையீரல் இறுகிப்போய்விட்டது, இதற்கு வைத்தியம் கிடையாது என்று மாகாண ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிணத்தைக் குளிப்பாட்டும்போதும் அவன் காது மடிப்புக்குள் கல் தூள் இருந்தது. நியென் அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

அப்போது மகன் லாமுக்குப் பன்னிரண்டு வயசு. இவனைக் கல் பக்கம் விடுவதில்லை என்று அன்றைக்கே அவள் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

சொல்வது சுலபம். பையனுக்கு அப்பனின் கை அப்படியே வந்திருந்தது. சோப்புக் கட்டி கிடைத்தாலும் செதுக்குவான், கிழங்கு கிடைத்தாலும் செதுக்குவான். டவுனில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் சேர்த்துவிட்டாள். மூன்று மாசம் தாங்கவில்லை, திரும்பி வந்துவிட்டான். அதற்கப்புறம் ஒரு நாள் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது, காது மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு நியெனின் கண்ணில் பட்டது. கியெமின் தம்பி சிங்கின் பட்டறைக்கு அவளுக்குத் தெரியாமல் போய் வந்துகொண்டிருந்தான்.

நேரே சிங் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். அவன் பெண்டாட்டி தோவாதான் பேசினாள்.

"முட்டையாட்டம் அடைகாத்துக்கிட்டே இருக்கப் போறீங்களா அக்கா? கையில ஒரு தொழில் இல்லாதவனுக்கு இந்த ஊர்ல எவ பொண்ணு குடுப்பா?"

"பொண்ணு கிடைக்காட்டி போகட்டும். அவன் மூச்சு விட்டுக்கிட்டிருந்தா எனக்கு அது போதும்."

"எங்க வீட்லயும் ஒருத்தன் அதே கல்லைத்தான் வெட்டிக்கிட்டிருக்கான், ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் தோவா. அவள் மகன் துயென் லாமைவிட இரண்டு வயசு சின்னவன்.

பட்டறைச் சத்தம் எட்டாத ஒரே இடம் கோயில்தான் என்று அவளுக்குப் பட்டது. குகைக்குள் எப்போதும் ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கும். தலைமைச் சாமி கீரை போடுவார், தேநீர் ஆற்றுவார், மணி அடிப்பார். ஒரு நாள் கடைசிப் படகில் சுற்றுலாக்காரர்களை இறக்கிவிட்டு அவரிடம் போய்ப் பையனை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். இஷ்டப்பட்டு வந்தால் வரட்டும் என்றார் அவர்.

லாமை அவளேதான் படகில் கூட்டிக்கொண்டு போனாள்.

"மொட்டையடிச்சுக்கிட்டு, பூண்டு வெங்காயம்கூட இல்லாம திங்கச் சொல்றியா?"

"ஆமா."

"எவ்வளவு நாளைக்கு?"

"நான் சாகற வரைக்கும். அதுக்கப்புறம் எக்கேடோ கெட்டுப் போ."

அவன் சிரித்தான். அப்பாவின் கடைசி வருஷம் அவனுக்கும் மறக்கவில்லை. அம்மா ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். படகு கரை தொட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினான்.

அதற்குப் பின்னால் வந்த சில வருஷங்கள்தான் நியென் உடம்பில் சதை போட்ட காலம். தினம் கோயில் படித்துறைக்குப் போகிறவள், தினம் பிள்ளையைப் பார்த்தாள். பழுப்பு அங்கியில் கொஞ்சம் வெளுத்து, கன்னம் உப்பி, வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பான். படகில் வருகிறவர்களிடம், "அங்க தேத்தண்ணி ஊத்துற சின்னச் சாமி என் வயித்துல பொறந்தவருதான், கும்பிடும்போது என்னையும் சேர்த்துக் கும்பிட்டுக்கோங்க" என்பாள். மற்றப் படகுக்காரிகள் அவளுக்கு 'சாமியம்மா' என்று பட்டப்பேர் வைத்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

பஸ்கள் பெருகின. கோயில் வாசலில் நிற்க இடமில்லாமல் போயிற்று. நகரத்து முதலாளி ஒருவர், குன்றைச் சுற்றிப் பெரிய பிராகாரம் எழுப்பி அதில் புத்தரின் சீடர்களை ஆளுயரச் சிலைகளாக வரிசையாக நிறுத்த முன்வந்தார். கல் இந்த ஊர்க் கல்தான். படகில் ஏற்ற முடியாது என்பதால் குன்றுக்குப் பின்னால் பாதை போட்டு லாரியில் கொண்டுவந்தார்கள். குன்றுக்குப் பின்னாலிருந்து மெஷின் சத்தம் லேசாகக் கேட்கும். கூலிக்கு வந்த பட்டறை ஆட்கள் என்று நியென் நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சத்தமே ஆகாது. வேகமாக வலித்து வந்துவிடுவாள்.

ஒரு நாள் ஹைபோங்கிலிருந்து வந்த ஒரு பெண், திரும்பும்போது படகில் உட்கார்ந்து போனில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு படத்தை நியெனிடம் நீட்டினாள்.

"இதைப் பாருங்கக்கா. பின்னாடி தார்ப்பாய் கட்டியிருந்துச்சு, எட்டிப் பார்த்தேன். கல்லுலேர்ந்தே முளைச்சு வந்த மாதிரி இருக்காரு இந்தச் சாமி. எவ்ளோ அழகு."

மரியாதைக்காக நியென் பார்த்தாள். அங்கி, கை, புருவம் எல்லாம் வெள்ளை. கண்கள் மட்டும் கருப்பு. பிறகு அந்தக் கண்களை அடையாளம் கண்டுகொண்டாள். நடு ஆற்றில் படகைத் திருப்பினாள். பஸ் போய்விடும் என்று கூச்சல் போட்டார்கள். அது அவள் காதில் ஏறவேயில்லை.

கம்பிக் கதவு வைத்த ஒரு கொட்டகை. அதன் நாலு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கும்பிட வருகிறவர்கள் மேல் தூசி படக்கூடாதாம். உள்ளே ஒரு மஞ்சள் பல்பு எரிந்தது. மூக்கை மறைக்க ஒரு துண்டுகூட இல்லாமல் லாம் மெஷினோடு நின்றான். ஒரு வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. அவள் படகு வரும் நேரத்துக்கு முன்னால் ஓடையில் முங்கி, உடை மாற்றிக்கொண்டு தேநீர்ப் பாத்திரத்தைத் தூக்கியிருக்கிறான்.

தலைமைச் சாமி ஓடி வந்தார். தானாகக் கேட்டுச் செய்கிறான், தான் ஏவவில்லை என்றார். தார்ப்பாய் கட்டியது மட்டும் தன்னுடைய யோசனை என்றும் அவரே சொன்னார். நியென் அவரைப் பார்க்கவேயில்லை. மகன் காலில் விழுந்தாள். சாமியார் காலில் விழுவது வழக்கம்தான், ஆனால் அவள் விழுந்தது அப்படி இல்லை. லாம் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தான்.

"எந்திரிம்மா. ஆளுங்க பாக்கறாங்க."

"விட்டுர்றேன்னு சொல்லு."

"தேத்தண்ணி ஊத்திக்கிட்டு எத்தனை வருசம் இருந்தேன்னு உனக்குத் தெரியும். ஒரு நாளாவது முகம் சுளிச்சேனா? இந்தக் கல்லைத் தொட்டப்புறம்தான்மா காலையில எந்திரிக்கணும்னே தோணுது."

"உங்கப்பனும் இதைத்தான்டா சொன்னான்."

அவன் தலை குனிந்துகொண்டான். விட்டுவிடுகிறேன் என்று கடைசி வரை சொல்லவில்லை.

தலைமைச் சாமி அன்றைக்கே கொட்டகையைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார். நியெனுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் லாம் தேநீர் ஊற்ற வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சாப்பாட்டைத் தொடுவதில்லை, சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறான் என்று சாமி சொல்லியனுப்பினார். அவள் போய்ப் பார்த்தாள். உப்பியிருந்த கன்னம் ஒட்டிக் கிடந்தது. எண்ணெய் விளக்கடியில் அவன் விரல்கள் மட்டும் மடியில் எதையோ வழித்து வழித்து வடிவம் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரு பகல் முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஊட்டப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. கோபத்தில் என்றும் சொல்ல முடியாது, அவனுக்குப் பசியே இல்லை.

சாயங்காலம் அவள் எழுந்துபோய்த் தலைமைச் சாமியிடம் சாவியைக் கேட்டாள். மெஷின் வேண்டாம், உளி மட்டும் கொடுங்கள், தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள், வாய்க்குத் துணி கட்டிக்கொள்ளட்டும் என்றாள். சாமி சாவியைக் கையில் வைத்தபோது அதைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு தானே போய்க் கொட்டகையைத் திறந்தாள்.

அவள் கண் முன்னால் லாம் அவள் சொன்னபடியே நடந்துகொண்டான். திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகு, அவள் ஆற்றில் இருந்த நேரத்தில் எதை எடுத்தான், எப்படி முடித்தான் என்று அவள் கேட்கவில்லை. உளியால் மட்டும் அத்தனை சிலையும் அதற்குள் முடிந்திருக்காது என்பது கல் வேலைக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாததா? சிலைகள் நின்றன. ஜனங்கள் மலைத்துப்போய் நின்றார்கள். ஒரு சீடன் சிரிக்கிறான், ஒருவன் காது குடைகிறான், ஒருவன் தூங்கி வழிகிறான். கியெமால்கூட இப்படிச் செய்ய முடிந்திருக்காது என்று சிங் அழுதான். நியெனும் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தன. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் லாம் படியேறும்போது நடுவில் நின்றான். அதற்கடுத்த வருஷம் நாலு படிக்கு ஒரு தரம் நின்றான். இருபத்தெட்டு வயசு. அப்பனுக்கு இருபது வருஷம் எடுத்துக்கொண்டது பிள்ளைக்கு நாலைந்து வருஷத்தில் வந்துவிட்டது. மூடிய இடத்தில் மெஷின் ஓட்டினால் இப்படித்தான் என்றார் டாக்டர், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி. நியெனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அங்கியைக் கழற்றிவிட்டு அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். தலைமைச் சாமி படகேறி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லவும் அவளால் முடியவில்லை, போகச் சொல்லவும் முடியவில்லை. இருட்டும் வரை நின்றுவிட்டுப் போனார்.

ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பணம் வேண்டும், அவளால் படகை நிறுத்த முடியாது. அதனால் பகலெல்லாம் ஆட்களை அந்தக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். சிலைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் படகில் அதைப் பற்றியே பேசினார்கள். யார் செய்தது என்று கேட்டால், தெரியாது என்பாள்.

லாம் ஒரு நாள், பேச்சுக்கு நடுவே மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டான்.

"சாவியை நீதான கேட்டு வாங்கின, இல்ல?"

"ஆமாடா."

"அதுக்காக உன்னையே அடிச்சுக்காதம்மா. நான் எப்படியும் பூட்டை உடைச்சிருப்பேன்."

அவளைத் தேற்றத்தான் சொன்னான். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. உடைத்திருக்கமாட்டான். உடைக்கிற பிள்ளை இல்லை அவன்.

புது வருஷம் கழிந்து, நாள் முழுக்கச் சாரல் தூவும் காலத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். வயலோரம் வெறும் மண்ணில் புதைத்தார்கள். நியென் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து அவள் துடுப்பை எடுத்தாள். வேறு துறைக்கு மாற்றிவிடும்படி படகுச் சங்கத்தில் கேட்டுப் பார்த்தாள். இங்கே இருப்பது ஒரே துறை, ஒரே கோயில், எங்கே மாற்றுவது என்றார்கள். ஆட்கள் மேலே போய் வரும்வரை படகிலேயே குன்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள்.

மூன்று வருஷம் கழிந்ததும் எலும்பை எடுத்துக் கழுவிக் கல்லறையில் வைக்க வேண்டும். அது ஊர் வழக்கம், மாற்ற முடியாது. செங்கல் வைத்துக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கல் வேலைக்கார ஊரில், அதுவும் லாமுக்குச் செங்கலா என்று சிங் மனசொடிந்துபோனான். அவள் விட்டுக்கொடுத்தாள்.

கல்லறை வேலையை எடுத்துக்கொண்டவன் சிங்கின் மகன் துயென். கல்யாணமாகி, பெண்டாட்டி மாசமாக இருந்தாள். நியென் பட்டறைக்குப் போனபோது, நாலடிக் கல்லின் மேல் தாமரை இதழ்களைக் கோடு போட்டு வைத்து மெஷினால் வெட்டிக்கொண்டிருந்தான். புகைபோல வெள்ளை எழுந்தது. புருவம் வெள்ளை, உதடு வெள்ளை.

"வேண்டாம்டா. வெறும் பலகைக் கல்லாவே இருக்கட்டும். பூ வேண்டாம்."

"அண்ணனுக்கு நான் செய்யாம வேற யாரு பெரியம்மா செய்வா?"

மூலையில் ஒரு வாளி இருந்தது. அவள் அதில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு வந்து, மெஷின் போகிற இடமெல்லாம் கையால் வாரி வாரித் தெளித்தாள். தூள் அடங்கிக் குழம்பாக வழிந்தது. கொஞ்ச நேரம் துயென் பொறுத்துக்கொண்டான். அப்புறம் மெஷினை நிறுத்திவிட்டு, அவள் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து விலக்கினான்.

"தண்ணி பட்டா கோடு அழியுது பெரியம்மா. இதழ் கோணிப் போயிடும். நீங்க அந்தாண்ட போய் நில்லுங்க."

மெஷின் மறுபடியும் ஓடியது. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.