மாஸ்டர் கேட்ட முகம்

தெருவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருடமாக ஒரே சலூன், ஒரே சுழல் நாற்காலி, ஒரே பிடிவாதம். பிடிவாதம் என்னவென்றால், யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். சாப்பிடும்போது விக்கினால்கூட மனைவியிடம் தண்ணீர் கேட்காமல், தானே எழுந்துபோய்க் குடித்துவிட்டு வந்து உட்காருவார்.

ஆனால் எப்பேர்ப்பட்ட கைகாரராலும் தன் பின்னந்தலை முடியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாதே. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். நேர் எதிரிலேயே ஒரு சலூன் இருக்க, பஸ் ஏறி மூன்று நிறுத்தம் தள்ளிப் போய், தன்னை யாரென்றே தெரியாத ஒருவரிடம் காசு கொடுத்து வெட்டிக்கொண்டு வருவார். காசு கொடுத்துவிட்டால் அது உதவி கேட்டதாக ஆகாதாம். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் படித்தாரோ தெரியாது.

எதிர்க்கடைக்காரருக்கு ரேடியோ என்று பெயர். வந்தவர் மேல் துணியைப் போர்த்தினால் வாயைத் திறப்பார், துணியை உதறும்போதுதான் மூடுவார். பத்தொன்பது வருடமாக இருவருக்கும் காலையில் ஒரு தலையாட்டல், மாலையில் ஒரு தலையாட்டல். அதற்குமேல் ஒட்டுமில்லை, பகையுமில்லை.

போன வருடக் கடைசியில் மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. லேசாகத்தான் வந்திருக்கிறது என்றார் டாக்டர். சவரம் செய்கிறவருக்கு வலது கையில் வந்தால் அது எப்படி லேசாகும்? ஏழு மாதத்தில் கத்தரிக்கோல் கைக்குத் திரும்பியது. சவரக்கத்தி திரும்பவில்லை. தாடி எடுக்க வருகிறவர்களுக்கு எதிர்க்கடையைக் கையால் காட்டிவிட்டு, செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

"அடுத்த மாசக் கடைசிக்குள்ள கத்தி பிடிக்க முடியலேன்னா கடைச் சாவியைக் குடுத்துடறேன்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். "பாதி வேலை செய்யறவனுக்கு எதுக்கு முழுக் கடை?"

 கடை போனால் இவரும் படுத்துவிடுவார் என்று மனைவிக்குத் தெரியும்.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு யோசனை சொன்னார். பலூனை ஊதி, நுரை தடவி, அதை வழித்துப் பழக வேண்டும். முதல் வாரத்தில் பதினான்கு பலூன் வெடித்தது. "தினம் தினம் யாருக்குப் பிறந்தநாள்னு பக்கத்து வீட்டுல கேக்கறாங்க," என்றாள் மனைவி. ஆறாவது வாரத்தில் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

"பலூனுக்குத் தொண்டை கிடையாது சார். எச்சில் முழுங்காது, தும்மாது," என்றார் பயிற்சிப் பெண். "இனிமே என்னால ஆகறது ஒண்ணுமில்ல. ஒரு முகம் வேணும். யாரையாவது கேளுங்க."

மாஸ்டர் கேட்பாரா? மனைவிதான் மகள் வீட்டுக்குப் போன் போட்டு ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அந்த வாரமே மாப்பிள்ளைக்குத் தாடி வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. மாமனார் மேல் மரியாதை இருந்தால் கழுத்து மேல் ஆசை இருக்கக் கூடாதா?

"எதிர்ல இருக்கற அண்ணனைக் கேட்டா என்னங்க? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று மனைவி கேட்டாள். அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

சொன்ன கெடு முடியப் பத்து நாள் இருந்தது. திங்கட்கிழமை மதியம், ஆள் வராத நேரமாகப் பார்த்து மாஸ்டர் தெருவைக் கடந்தார்.

"பஞ்சு இருக்கா?" என்று கேட்டார். ரேடியோ வியந்துபோய் ஒரு கட்டுப் பஞ்சையே கொடுத்தார். மாஸ்டர் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தார். "பவுடர் தீர்ந்துபோச்சு." பவுடரும் கிடைத்தது. மாஸ்டர் கடையில் பஞ்சும் பவுடரும் அலமாரி கொள்ளாமல் கிடந்தன என்பது வேறு விஷயம். மூன்றாவது தடவை வந்து நின்றபோது ரேடியோ சிரித்துவிட்டார்.

"இப்படியே போனா சாயங்காலத்துக்குள்ள என் கடை மொத்தமும் உங்க கடைக்கு வந்துடும் போலிருக்கே. நெஜமா என்ன வேணும் மாஸ்டர்?"

 மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. "உங்க மூஞ்சி வேணும்," என்றார்.

பிறகு கையை, பலூனை, சாவியை எல்லாம் கோர்வையில்லாமல் சொல்லி முடித்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ரேடியோ வாய் திறக்காமல் கேட்டார். கேட்டு முடித்ததும் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"காலையிலதான் வழிச்சேன். இதுல என்ன இருக்கு உங்களுக்கு? மூணு நாள் குடுங்க, வளர்த்துட்டு வரேன்."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, கடை திறக்கும் முன்பே, முள்முள்ளான தாடியோடு வந்து மாஸ்டரின் நாற்காலியில் உட்கார்ந்தார். மாஸ்டர் பிளேடைக் காகிதத்தோடு இரண்டாக ஒடித்துக் கத்தியில் மாட்டினார். பிரஷ்ஷால் நுரை போட்டார். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, காதுக்குக் கீழே முதல் இழுப்பு. ரேடியோ கண்ணை மூடியிருந்தார். ஆனால் நாற்காலியின் கைப்பிடியை அவர் விரல்கள் இறுக்கியிருந்ததை மாஸ்டர் பார்க்கத்தான் செய்தார். பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும் இவருக்குக் கவனம் கூடியது. தாடை வளைவில் ஒரு சின்னக் கீறல். படிகாரத்தை வைத்து அழுத்தினார். ரேடியோ முனகக்கூட இல்லை.

ஒரு பக்கம் முடிய இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்தக் காலத்தில் அந்த நேரத்துக்குள் மூன்று பேரை எழுப்பி அனுப்பியிருப்பார். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு இதுக்கு மேல முடியாது. மன்னிச்சுக்குங்க. மத்த பக்கத்தை நீங்களே எடுத்துக்குங்க."

ரேடியோ கண்ணாடியில் பார்த்தார். மீதி நுரையைத் துண்டால் துடைத்தார். தலையாட்டிவிட்டுத் தன் கடைக்குப் போனார்.

பத்து மணிக்கு மாஸ்டர் எட்டிப் பார்த்தபோது ரேடியோ பாதித் தாடியோடு ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். நேரம் கிடைத்திருக்காது என்று நினைத்தார். பன்னிரண்டுக்கும் அப்படியே. மூன்று மணிக்குக் கடையில் ஆளே இல்லை. ரேடியோ காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பாதித் தாடியோடு. ஒரு பக்கம் மழமழவென்று, ஒரு பக்கம் கரடுமுரடாக. பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளைகள் வாசலில் நின்று சிரித்தன. வந்தவர்கள் எல்லோரும் கேலி செய்தார்கள். இரண்டு நிமிட வேலை. கத்தி கையிலேயே இருந்தது.

சாயங்காலம் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. தெருவைக் கடந்து போனார்.

"ஏன் இன்னும் எடுக்கல? ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்," என்றார் ரேடியோ. "அதை நான் எடுத்துட்டா நாளைக்கு நீங்க எதுல பழகுவீங்க? ஏழு மணிக்கு வரேன்."

மாஸ்டரின் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"ஆறரைக்கே வர முடியுமா?" என்று கேட்டார். "கை மெதுவாத்தான் போகும்."