சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்த படங்கள்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் மண்டபத்தூரில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். பகலில் வலை வேலை, சாயங்காலம் டிவி. போன தடைக்காலத்தில் அப்பா மட்டும் டிவி முன்னால் உட்காரவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அப்பா படகில் டிரைவர். என் வயதுக்கும் அதிகமான வருடங்கள் இஞ்சின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இருந்து காது மந்தமாகிவிட்டது. அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். "இப்ப நடிக்கிறவனுவோ வாய்க்குள்ளயே பேசுறானுவோ" என்பார். மற்றவர்கள் சிரித்தால் தானும் சேர்ந்து சிரித்துக்கொள்வார். ஒரு நாள் படத்தில் சாவு வீட்டுக் காட்சி. நாங்கள் வேறு எதற்கோ சிரித்தோம். படத்துக்குத்தான் என்று நினைத்து அப்பாவும் உரக்கச் சிரித்துவிட்டார். அம்மாவின் தம்பி, என் மாமா, விடவில்லை. "ஏன் மச்சான், பொணத்தப் பாத்தா ஒங்களுக்குச் சிரிப்பு வருதா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேலி. அதன் பிறகு சாயங்காலமானால் அப்பா வலைக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார்.

படகு மறுபடி கடலுக்குப் போவதற்குள் அவரை மறுபடி டிவி முன்னால் உட்கார வைப்பது என்று முடிவு செய்தேன்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் வேலை. எதை வாங்குவதானாலும் பட்டியல் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பழக்கம். ஓடிடிகளுக்கும் போட்டேன். கட்டணம், கிரிக்கெட், எத்தனை பேர் பார்க்கலாம், எத்தனை படங்கள். பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே கேள்வியை வைத்துக்கொண்டேன். சத்தம் இல்லாமல் பார்த்தால் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குக் கதை புரியுமா?

ஒவ்வொரு ஓடிடியையும் ஒரு மாதத்துக்கு வாங்கி, டிவியின் சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டுப் பார்த்தேன். முதலாவதில் எல்லாப் படத்துக்கும் கீழே 'தமிழ்' என்று போட்டிருந்தது. அது குரலுக்கு மட்டும். கீழே ஓடும் வசன எழுத்து வந்தது ஆங்கிலத்தில். இரண்டாவதும் அப்படியே. அவர்களுடைய உதவிப் பக்கத்தில் கேட்டேன். சப்டைட்டில் உண்டு என்றார்கள். தமிழ்ப் படத்துக்குத் தமிழில் உண்டா என்றேன்.  அதற்குப் பதிலாக, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள்.

"என்னாடி, ஊமைப் படமா ஓட்டுற? ஒங்கப்பனுக்குத்தான் காது போச்சு, ஒனக்குமா?" என்றார் மாமா.

"ஆமா மாமா, நீங்க பேசுறதுகூடக் கேக்கல" என்றேன்.

மூன்றாவதில் கிடைத்தது. ஒரு கொரியத் தொடர், தீவு ஒன்றில் மீன் பிடிக்கிறவர்களின் கதை. தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள், கீழே தமிழிலேயே எழுத்தும் வந்தது. என் சோதனையில் தேறிவிட்டது.

"அப்பா, இதுல படகு இஞ்சின் எல்லாம் காட்டுறாங்க. சரியா காட்டுறாங்களான்னு பாத்துச் சொல்லுங்க."

அதற்காக வந்து உட்கார்ந்தார். சத்தமும் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார்.

"அவன் ஒண்ணு பேசுறான், கீழ ஒண்ணு எழுதிருக்கு. இதப் பாத்தா தலதான் வலிக்கும்."

பிழை என் சோதனையில்தான். குரலுக்கு ஒருவர் வசனம் எழுதியிருக்கிறார், எழுத்துக்கு இன்னொருவர். சத்தத்தை முழுக்க அணைத்துப் பார்த்த எனக்கு அது தெரியவில்லை. அப்பாவுக்குப் பாதி கேட்கும். காதில் விழுந்த பாதியும் கண்ணில் பட்டதும் ஒன்றோடொன்று முட்டின.

மறுநாள் குரலைக் கொரிய மொழிக்கே மாற்றி, எழுத்தை மட்டும் தமிழில் விட்டேன். அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன். இந்த முறை எழுந்திருக்கவில்லை. எழுந்தது அம்மாதான்.

"என்ன பாஷைடி இது? நான் எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள ஓடிப்போயிடுது."

"இரு, நான் படிக்கிறேன். நீ படத்தப் பாரு" என்றார் அப்பா.

படித்தார். இஞ்சின் ஓடும்போது படகின் முன்பக்கம், அணியத்தில் நிற்பவனைக் கூப்பிடும் அதே குரலில். கதாநாயகியின் காதல் வசனத்தையும் அந்தக் குரலிலேயே படித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு மாமா வந்து எட்டிப் பார்த்தார்.

"மச்சான், மெதுவா படிங்க. பக்கத்து வூட்டுக்காரன் காசு கட்டாமயே கதை கேட்டுருவான்."

"என்னா?"

மாமா அதையே மறுபடியும் சொன்னார்.

"கத்திச் சொல்லு மாப்ள. எனக்குத்தான் காது கேக்காதே" என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யாரும் சிரிக்கவில்லை. மாமா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பா அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருந்தார்.

அன்றே மற்ற இரண்டையும் நிறுத்திவிட்டு, இதற்கு ஒரு வருடத்துக்கான பணத்தைக் கட்டினேன். அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு எழுதி அனுப்பினேன். அவர் வாயாலேயே சொன்ன பிறகு காது டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட நான் தயாராக இல்லை. காலையில் அவர் காதருகே போய் உரக்கச் சொன்னேன். மறுத்தால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, "போவலாம். ஆனா சாயங்காலத்துக்குள்ள திரும்பிடணும், கதை பாதியில நிக்கிது" என்றார்.