ஒன்பது எழுத்து லைசென்ஸ்

ஒருவர் பெயரில் ‘சாமி’ என்று இருந்தால் உங்களுக்கு என்ன நட்டம்? கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

நம் காஞ்சிபுரத்துக் கோயில் சுவர்களைப் படிக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் பெயர்கூட அங்கே கல்லில் பத்திரமாக இருக்கிறது. நான் காட்டப்போவது உள்ளங்கையளவுப் புத்தகம் ஒன்று. துணி ஒட்டிய அட்டை, ஓரமெல்லாம் கிரீஸ் கறை. 1963இல் குப்புசாமிக்குக் கொடுத்த டிரைவர் லைசென்ஸ். இதுவும் கல்வெட்டுதான்.

திருப்புட்குழிக்கு அப்பால், ஊர் ஒதுக்கிவைத்த தெரு ஒன்றில் பிறந்தவர் குப்புசாமி. அந்தத் தெருவில் பெற்றவர்கள் எவ்வளவு ஆசையாகப் பெயர் வைத்தாலும், ஊர் அதன் வாலை நறுக்கிவிடும். முனுசாமி முனியன் ஆவார். குப்புசாமி குப்பன் ஆவார். ‘சாமி’யைக் கழித்துவிட்டால் கூடவே ‘வாடா’ போட வசதி பாருங்கள்.

வாலாஜாபாத்தில் அரிசி ஆலை லாரியில் பன்னிரண்டு வருடம் கிளீனர். நம்பர் பலகைகளையும் லாரி முதுகுகளையும் துடைத்துத் துடைத்தே ஆங்கில எழுத்துகளைப் பிடித்துக்கொண்டார். கையும் ஸ்டீயரிங்குக்குப் பழகியது. பரீட்சையில் தேறினார்.

“திங்கக்கெழமை லைசென்ஸோட வா. வாலாஜாபாத் பஸ்ஸு உன்னுது” என்றார் ஒரு பஸ் முதலாளி. அதை நம்பி குப்புசாமியின் மனைவி பூவம்மாள், நடவு வேலைக்கு இனி வரமாட்டேன் என்று கழனிக்காரரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை குப்புசாமி லைசென்ஸ் வாங்கப் போனார். துணைக்கு லாரி டிரைவர் அந்தோணி. எந்த ஊர் அலுவலகம் என்பது நமக்கு வேண்டாம். குமாஸ்தா நீட்டியதைத் திறந்து, பெயரின் எழுத்துகளை விரல் வைத்து எண்ணினார்.

“சார், இங்கிலீஷ்ல ஒம்போது எழுத்து எழுதிக் குடுத்தேன். ஆறுதான் இருக்குது.”

“உங்க ஊட்ல உன்னை எப்படிக் கூப்புடுவாங்க? குப்பான்னுதானே?”

“எங்க ஊட்ல ‘யோவ்’னு கூப்புடுவாங்க சார். அதையும் எழுதிக்கிறீங்களா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். குமாஸ்தாவுக்கு முகம் சிவந்தது. “உங்க தெருவுல ஏதுடா சாமி? திருத்தணும்னா புதுசா மனு எழுது. ஒரு மாசம் ஆவும்.”

அந்தோணி சட்டையைப் பிடித்து இழுத்தார். “வாங்கிக்கினு வாப்பா! வண்டி ஓட்டப்போறது கையா, பேரா?”

குப்புசாமி புத்தகத்தை மேசை மேலேயே வைத்தார். “இது யாரோ குப்பன்றவரோடது சார். அவரு வந்தா குடுத்துடுங்க.”

வெறுங்கையோடு வீடு வந்தவரைப் பார்த்துப் பூவம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பேரைக் கரைச்சிக் குடிக்கலாமாய்யா? கழனிக்காரன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?” நடந்ததை முழுக்கக் கேட்டதும் குரல் மாறியது. “ஆறு எழுத்துன்னா, நான் குப்பன் பொண்டாட்டியாமா? வாணாம். நான் நடவுக்கே போறேன். நீ போய் எழுதிக்கினு வா.”

திங்கட்கிழமை பஸ் வேறொருவர் கைக்குப் போனது. குப்புசாமி மனு எழுதிப் போட்டார். ஆறு வெள்ளிக்கிழமை அதே மேசை முன்னால் நின்றார். ஆறாவது வெள்ளியன்று, அவருக்குப் பரீட்சை வைத்த இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் வந்தார். “இன்னுமா வாங்கல?”

“வழியில போலீஸ்காரரு பேரு கேட்டா குப்புசாமின்னு சொல்லுவேன் சார். லைசென்ஸ் குப்பன்னு சொல்லும். அவரு என்னைத் திருடன்னு நெனைப்பாரா, லைசென்ஸைத் திருட்டுன்னு நெனைப்பாரா?”

இன்ஸ்பெக்டர் லைசென்ஸுக்கு முதலில் போட்ட மனுவை எடுத்துவரச் சொன்னார். அதில் குப்புசாமி தன் கையால் எழுதிய ஒன்பது எழுத்தும் இருந்தன. அப்புறம் பேச என்ன இருக்கிறது? சிவப்பு மையால் குப்பனை அடித்தார்; மேலே குப்புசாமி என்று எழுதினார்; பக்கத்திலேயே முத்திரை குத்திக் கையெழுத்திட்டார். அந்த அடித்தலும் எழுத்தும் இன்றைக்கும் அழியாமல் இருக்கின்றன. வெட்டிய கையும் ஒட்டிய கையும் ஒரே பக்கத்தில்.

அடுத்த வருடம் அந்த முதலாளியே ஆள் அனுப்பினார். பதினான்கு வருடமாக அதே பஸ்தான். பெரிய காஞ்சிபுரத்தில் ஏறும் நெசவாளர்களுக்கு முழுப் பெயரும் சொல்ல நேரமில்லை. அவர்களும் சுருக்கினார்கள், ஆனால் மறுமுனையில்.

“சாமி, குலுக்காதப்பா, மடியில சரிகை இருக்குது!”

“சரிகை செதறினா பொறுக்கிக்கலாம். நீ பல்லைக் கெட்டியாப் புடிச்சிக்கோ.”

கடவுள் இல்லை என்று மேடையேறிச் சொல்பவன் நான். ஆனாலும் அந்த பஸ்ஸில் ‘சாமி’ என்ற சத்தம் கேட்டால் எனக்கே மனம் குளிர்கிறது. பூவம்மாள் நடவை விட்டுக் கறவை மாடு பிடித்துவிட்டார். இருவருக்கும் குறையொன்றும் இல்லை.

ஆனால் அதே மேசைகள் இன்னும் நாடெங்கும் கிடக்கின்றன. பள்ளிச் சேர்க்கை, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் என்று ஏதோ ஒன்றுக்காக நாளைக்கு உங்கள் பேனாவுக்கு முன்னாலும் ஒருவர் வந்து நிற்பார். அவர் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள். எழுதியதை, அவர் போவதற்குமுன் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.