கோட்டுக்குள் போன சால்வை

மறுநாள் ரயில். முதல்நாள் சாயங்காலம் கோட்டைப் போட்டுப் பார்த்தால் ஆளுக்குக் கையைத் தூக்க முடியவில்லை. தையல்காரனுக்கு இதைவிட வேறு தலைக்குனிவு வேண்டாம். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். ட்ரையலில் கச்சிதமாக நின்ற கோட்டுதான் அது. எப்படி இறுகியது என்று சொல்கிறேன்.

பாலக்காடு கடைத்தெருவில் என் கடை. சீமைக்குப் படிக்கப் போகிற பையன்களுக்குக் கம்பளிக் கோட்டுத் தைக்க அந்த நாளில் இந்தப் பக்கம் என்னை விட்டால் ஆள் கிடையாது. அளவு எடுக்கும்போது எதற்குப் போகிறாய் என்று கேட்காமல் என் வாய் சும்மா இருக்காது. ஒருவன் பாரிஸ்டர் ஆக என்பான், ஒருவன் ஐ.சி.எஸ். பரீட்சைக்கு என்பான். கூடப் படித்தவன் போய்விட்டான், நான் மட்டும் இங்கே இருப்பதா என்று கிளம்பியவன் உண்டு. மாமனார் அனுப்புகிறார், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று முழித்தவனும் உண்டு.

கல்பாத்தி அக்ரஹாரத்து வெங்கிட்டு பி.ஏ. பாஸ் செய்தவன். அவனும் முதலில் ஐ.சி.எஸ். என்றுதான் சொன்னான். நான் டேப்பைச் சுருட்டும்போது குரல் இறங்கியது.

"ராவுத்தரே, நான் என்ன படிக்கணும், என்ன உத்தியோகம் பாக்கணும்னு எங்க தெருவிலே எல்லாருக்கும் தெரியும். எனக்கு என்ன வேணும்னு யாரும் கேட்டதில்லை. என்னைத் தெரியாத ஊர்லே போய் நின்னாத்தான் அது எனக்கே தெரியும்."

அந்தப் பேச்சில் எனக்கு அவனைப் பிடித்துப்போனது. ஆனால் அவன் அப்பா தெருவில் பெரிய வைதிகர். கடல் தாண்டுகிறவனுக்கு என் வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு மாதமாக மகனிடம் பேசவே இல்லை. அவர் ஒரு வார்த்தை பேசாமல் எப்படிக் கிளம்புவது, போகாமல் இருந்துவிடலாமா என்று ட்ரையல் அன்று வெங்கிட்டு என்னிடம் கேட்டான். தையல்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு தோள் மடிப்பைச் சரிபார்த்தேன்.

மறுநாள் அந்த அப்பாவே கடை முன்னால் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று கத்தரியைக் கீழே வைத்தேன். அவர் படி ஏறவில்லை. ஒரு கம்பளிச் சால்வையை நீட்டினார். சிவப்புக் கரை போட்டது. மார்கழி விடியலில் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது போர்த்துகிற மடிச் சால்வை. நான் தொட்டால் பிறகு அவருக்கு அது ஆகாது. தெரிந்தேதான் கொடுத்தார்.

"அங்கே குளிர் ஜாஸ்தியாமே. இதைக் கோட்டுக்குள்ளே வச்சுத் தெச்சுடும். அவனுக்குத் தெரியப்படாது."

"நீங்களே ஒரு வார்த்தை பேசிப்போட்டா ஆகாதுங்களா, சாமி?"

"நான் வாயைத் தெறந்தா 'போகாதே'ன்னுதான் வரும், ராவுத்தரே."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கோட்டுத் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே சால்வையை வைத்துத் தைத்தேன். மனசு இளகிப்போயிருந்தது. அவ்வளவு தடிமன் உள்ளே போனால் பக்கத் தையலைத் தளர்த்த வேண்டும் என்ற பாலபாடம் மறந்துவிட்டது.

அதுதான் அந்தச் சாயங்காலம் கை தூக்க முடியாமல் போன கதை. பதறிப்போய்க் கோட்டைக் கழற்றி வாங்கி, கக்கத்தில் லைனிங்கைப் பிரித்தேன். சிவப்புக் கரை வெளியே தெரிந்தது.

வெங்கிட்டு குனிந்து பார்த்தான். விரலால் தடவினான். அப்பா வந்தாரா என்று கேட்டான். வாக்குக் கொடுத்திருக்கிறேனே. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அவன் கண் நிறைந்துவிட்டது. என் கண்ணும்தான், மறைப்பானேன்? ஒரு மணி நேரம் கொடுங்கள், தளர்த்தித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம், ராவுத்தரே. அப்படியே மூடித் தெச்சுடும். இறுக்கமாவே இருக்கட்டும்."

மறுநாள் ஒலவக்கோடு ஸ்டேஷனில் வேர்த்துக் கொட்டக் கொட்ட அதைப் போட்டுக்கொண்டே ரயில் ஏறினான்.

உள்ளே கனமான துணி வைத்தால் பக்கத்துக்கு அரை அங்குலம் தளர்த்திவிடுங்கள். தொழில் பாடம் இவ்வளவுதான். சீமைக்குப் போகிற பையன்களிடம் எதற்குப் போகிறாய் என்று கேட்பதை நான் அதோடு விட்டுவிட்டேன். வீட்டிலிருந்து உள்ளே வைத்துத் தைக்க ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன்.