டோர்சியின் வண்டி நின்ற இடம்

வில்டா டாக்கெட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். முப்பத்தொரு வருடம் மர அறுவை மில்லில் பலகை பிரித்தவள். புருஷன் செத்த பிறகு பத்து ஏக்கர் காட்டைத் தனியாகவே கட்டிக் காத்தாள். குளிர்காலத்து விறகை அவளே அறுத்து அவளே அடுக்குவாள். உதவிக்குப் போனால் விரட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரியான நான் அவளோடு சண்டை போடாத மாதமே கிடையாது. ஆனால் பொய் பேசமாட்டாள். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பொய்தான் சொன்னாள், அதையும் சர்ச்சில் வைத்துச் சொன்னாள்.

அது காளானால் வந்த வினை. எங்கள் மிசூரி மலைக்காட்டில் ஏப்ரல் மாதம் மோரல் காளான் முளைக்கும். ஓக் துளிர் அணில் காது அளவுக்கு வந்துவிட்டால் போதும், ஊரில் ஆளைப் பார்க்க முடியாது. வெண்ணெயில் பொரித்து ஊரையே கூப்பிட்டுப் பந்தி வைப்பார்கள், பறித்த இடத்தை மட்டும் சொல்லமாட்டார்கள். கட்டின பெண்டாட்டிக்கே தெரியாது. வண்டியைச் சம்பந்தமில்லாத இடத்தில் நிறுத்திவிட்டு இரண்டு மேடு தாண்டி நடந்து போவோம். நானும் அப்படித்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் வில்டாவின் அண்ணன் டோர்சி காளான் பறிக்கிற இடத்தை யாரோ வழித்துத் துடைத்திருந்தார்கள். அவர் தங்கையைச் சந்தேகப்பட்டார், சந்தேகத்தை ஊரெல்லாம் சொல்லவும் செய்தார். அடுத்த ஞாயிறு வில்டா எல்லார் முன்னாலும் பைபிள் மேல் கை வைத்து, அண்ணனுடைய இடம் எங்கே இருக்கிறதென்றே தனக்குத் தெரியாது என்றாள். அதற்கடுத்த ஞாயிறு டோர்சி எழுந்து நின்று தங்கையிடம் மன்னிப்புக் கேட்டார். ஆறடி மனிதர், எல்லார் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

இந்த ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டே முக்காலுக்குச் சுழல்காற்று வந்தது. அபாயச் சங்கு ஊதி ஆறு நிமிடம்தான் இருக்கும். நிலவறையிலிருந்து நான் மேலே வந்தபோது சாலைக்கு மேற்கே காடு இல்லை. துணி பிழிகிற மாதிரி மரங்களை முறுக்கி ஒடித்துப் போட்டிருந்தது. அரை மைல் அகலத்துக்கு, பதினோரு மைல் நீளத்துக்கு அப்படியே. இலையும் பிசினும் சேர்ந்து ஒரே பச்சை வாடை.

ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் வாக்கி டாக்கி என் பொறுப்பு. மூன்றேகாலுக்குள் எல்லாரும் கணக்கில் வந்துவிட்டார்கள், டோர்சியைத் தவிர. காலையில் காளான் பறிக்கப் போனவர். அவருடைய பிக்கப் வண்டி கூப்பர் ஓடைப் பாலத்தடியில் தலைகீழாகக் கிடந்தது. உடனே முப்பது பேர் அங்கே இறங்கி, விழுந்த மரங்களுக்கு நடுவே பேர் சொல்லிக் கத்த ஆரம்பித்தோம். நான்தான் அனுப்பினேன். யோசித்துப் பார்த்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

வில்டா மட்டும் வண்டி பக்கத்திலேயே நின்றாள், மரமறுக்கும் மெஷினைக் கீழே வைக்காமல். நாலேகாலுக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏய் வில்டா, என்னடி கல்லு மாதிரி நிக்கிற? ஒன் அண்ணன்டி அது!"

"அவரு இங்க இல்ல, ஜீன்."

"வண்டி இங்கதானடி கெடக்கு?"

"கெடந்தா? நீ காளானுக்குப் போனா ஒன் வண்டிய எங்க நிறுத்துவ?"

நானும் இரண்டு மேடு தள்ளித்தான் நிறுத்துவேன்.

"ராஸ்கோ மேட்டுக்கு அந்தப் பக்கம்," என்றாள். "செத்த எல்ம் மரங்க நிக்குதே, அந்தச் சரிவு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். "நாந்தான் பறிச்சேன்! வருஷா வருஷம் நாந்தான் பறிக்கிறேன். பைபிள் மேல கைய வச்சுப் பொய் சொன்னேன். போதுமா? மெஷினத் தூக்கிட்டு வாங்க எல்லாரும்!"

ஒன்றரை மைல் போக ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. முன்னால் வில்டா அறுத்துக்கொண்டே போனாள். சரிவில் ஒரு எல்ம்கூட நிற்கவில்லை. கூப்பிட்டோம், பதில் இல்லை. மூன்றாம் தடவை கூப்பிட்டபோது யாரோ தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. தண்ணீர்க் குவளையைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தார் டோர்சி.

வேரோடு சாய்ந்த பெரிய ஓக் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே அழுத்தியிருந்தது. வேரும் மண்ணும் இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நின்றன. வேர் பிடுங்கிய குழி அதற்குப் பின்னால்; சுவரின் ஓரத்தைச் சுற்றி அந்தக் குழிக்குள் சரிந்து கிடந்தன அவர் தலையும் தோளும். எங்கள் குழுவின் ஹார்லன் நல்லவன், ஆனால் அவசரக்காரன். மெஷினை முடுக்கி அடிமரத்தில் வைக்கப்போனான். வில்டா அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"அறிவு இருக்காடா ஒனக்கு? இந்த மரத்தோட பாரந்தான் வேரத் தூக்கி நிறுத்தியிருக்கு. இங்க அறுத்தா அவ்வளவும் குழிக்குள்ளயே திரும்பி விழும். அண்ணன் கெடக்கிறது எங்கன்னு பாரு!"

"அப்ப என்னக்கா செய்றது?"

"தோண்டு. கையால தோண்டு."

கடப்பாரை, கோடாரிப் பின்புறம், விரல் என்று கிடைத்ததை வைத்துக் காலுக்கு அடியில் இருந்த மண்ணைப் பறித்தோம். வேர்ச்சுவர் அவ்வப்போது முனகியது. ஒவ்வொரு முனகலுக்கும் எங்கள் கை நின்றது, வில்டாவின் கை மட்டும் நிற்கவில்லை. டோர்சி கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தார். அரை மணி கழித்துக் கால் வெளியே வந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்தார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஒருவேளை காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். ஒருவேளைதான் என்று இரண்டு தடவை சொன்னார். வில்டாவின் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை.

வராந்தாவில் அவளிடம் கேட்டேன். "எப்ப புரிஞ்சுது ஒனக்கு, அவரு அங்கதான்னு?"

"வண்டியப் பார்த்ததுமே."

ஒரு மணி நேரம். அண்ணன் மரத்தடியில் கிடக்க, மானம் போகுமே என்று ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். எனக்கு அவளை அடிக்கலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. "இத நீ யாருக்கும் சொல்ல வேணாம். நானும் சொல்லமாட்டேன்," என்றேன்.

"நீ சொல்லமாட்ட," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, ஒங்க காளான நாந்தான் பறிச்சேன்."

"தெரியும்," என்றார் டோர்சி. "சர்ச்சுல நீ கைய வச்சப்பவே தெரியும். காளானுக்காகத் தங்கச்சிய விடச் சொல்றியா?"

வில்டாவால் அதைத் தாங்க முடியவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

"வண்டியப் பார்த்ததும் நீங்க எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. சொல்ல வெக்கப்பட்டு ஒரு மணி நேரம் சும்மா நின்னேன்."

அவர் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "போ வில்டா," என்றார்.

அவள் வண்டியையும் காற்று கொண்டுபோயிருந்ததால் தினமும் நான்தான் நாற்பது மைல் கூட்டிப்போனேன். அறைக்கு வெளியே நாற்காலியில் உட்காருவாள். சாயங்காலம் நாங்கள் கிளம்பும் வரை கதவு அவளுக்குத் திறக்காது. வீட்டுக்கு வந்துவிடேன் என்று திட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். ஐந்தாம் நாள் நர்ஸ் வெளியே வந்தாள்.

"தங்கச்சி இன்னும் வெளியதான் இருக்காளான்னு ஒங்க அண்ணன் கேட்டாரு. ஆமான்னேன்."

"என்ன சொன்னாரு?" வில்டா கேட்டாள்.

"இருக்கட்டும்னாரு."

வில்டா எழுந்தாள். நாற்காலியைக் கதவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.