அப்பா பெயரில் ஓடும் படகு

மீனவர்களுக்குக் கடல் எச்சரிக்கை அனுப்பும் செயலி ஒன்றைப் படூரில் உட்கார்ந்து எழுதுகிறோம். இன்று காலை சதுரங்கப்பட்டினத்திலிருந்து அந்தோணி என்பவர் கூப்பிட்டார்.

“எல்லாருக்கும் மெசேஜ் வருது சார், எனக்கு மட்டும் வர்ல. நேத்து தெரியாம போயி காத்துல மாட்டிக்கினேன்.”

நிரலில் பிழை தேடும் டிபக்கரில் கண்டிஷனல் பிரேக்பாயின்ட் வைத்தேன். அவருடைய படகு எண் வரும்போது மட்டும் நிரல் நிற்க வேண்டும்.

நின்றது, நான் எழுதிய வரியில்: உரிமையாளர் இறந்திருந்தால் அனுப்பாதே.

படகு இறந்துபோன அவருடைய அப்பாவின் பெயரில் இருந்தது. அந்த வரியைத் திருத்தி, சோதனைச் செய்தி அனுப்பினேன்.

“வந்துச்சு சார். அப்பா பேரு போட்டு வந்துகீது.”

மன்னிப்புக் கேட்டு, பெயரை மாற்றுகிறேன் என்றேன்.

“வேணாம் சார். அப்டியே வுட்ருங்க.”

விட்டுவிட்டேன். இப்போது எங்கள் டெஸ்டர் ‘பெயர் தவறு’ என்று புதிய பிழை பதிந்திருக்கிறார். என்ன பதில் எழுதட்டும், சொல்லுங்கள்.