கண்ணாடிப் பக்கத்துச் சுவர்

ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் கொட்டகை போட்டுக்கொண்டிருந்த சண்டைக் காலம். சேக்காட்டில் அப்போது பாதிக்குமேல் வயல்தான்; அது கிடக்கட்டும். மனைவி தவறிப்போய் ஒரு வருஷமாக நான் அங்கே தனியாக இருந்தேன். வீடு பெருக்கித் துடைக்க வந்த இரண்டு பேர் ஒரு வாரம் தாங்காமல் நின்றுவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவள் இவள். ஒல்லி, நல்ல உயரம், நெற்றியில் ஒன்றும் கிடையாது. பெருக்குமுன் துடைப்பத்தின் அடியை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

மூன்றாம் நாள் கையில் ஈரத்துணியோடு திரும்பினாள்.

"இன்னா நைனா, என் பின்னாலயே சுத்திகினு கீறீங்க? ஊட்டுச் சொம்ப தூக்கிகினு பூடுவேன்னா?"

"அது இல்லம்மா. கண்ணாடிப் பக்கத்துச் சுவத்த மட்டும் தொடச்சிடாதே."

அங்கே சிவப்பாக ஒரு தீற்றல். பொட்டு வைத்ததும் விரலில் மிஞ்சிய குங்குமத்தை என் மனைவி அங்கேதான் தடவுவாள். அதற்காக அவளைத் திட்டியும் இருக்கிறேன்.

வந்தவள் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"இத மொத நாளே சொல்றதுக்கு இன்னா? அவங்க பேரு இன்னா?"

சொன்னேன். ஒரு வருஷமாக அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து நான் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவனிடம், "அங்க மட்டும் மட்டைய வச்சே, கைய ஒடிச்சிடுவேன்" என்று அவளே காவல் நின்றாள்.

பிறகு அவள் குடியிருந்த இடத்தைச் சண்டை வேலைக்கென்று பட்டாளத்தார் எடுத்துக்கொண்டார்கள். ஐயப்பன்தாங்கல் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். தேடிக்கொண்டு போனேன். "யாரைத் தேடுறீங்க?" என்று அங்கே ஒருவர் கேட்டபோதுதான், அவள் பேர் எனக்குத் தெரியாது என்பதே தெரிந்தது.